சிங்கப்பூரில் வீகன் சமையலுக்கு மாறுபவர்களுக்கு: மருத்துவரிடம் தொடங்கி விருந்து வரை

எங்கள் வீட்டில் பால், நெய், முட்டை, மீன், இறைச்சி எதுவும் சமைப்பதில்லை. இரண்டு ஆண்டுகளாக இப்படித்தான். கணவருக்குக் கொழுப்பு ஏறியிருப்பதாகப் பரிசோதனையில் வந்ததும் ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தினோம். எதை முதலில் செய்வது என்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. இணையத்தில் கிடைத்த குறிப்புகளோ வெளிநாட்டுச் சமையலறைகளுக்கானவை. கேல் கீரையும் அவகாடோவும் வாங்கிக் காசைக் கரைத்த பிறகுதான், வேண்டியதில் பாதி தேக்கா சந்தையிலும் நம் பாட்டிமார் சமையலிலும் இருப்பது புரிந்தது.

விலங்கிலிருந்து வரும் எதையும், தேனைக்கூட, சேர்க்காத இந்த உணவைத் தமிழில் நனிசைவம் என்கிறார்கள். பேச்சில் வீகன் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன். நான் வரிசை மாற்றிச் செய்து பட்ட சிரமம் உங்களுக்கு வேண்டாம். கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள்.

1. முதலில் மருத்துவரைப் பாருங்கள்

இதை நாங்கள் கடைசியாகச் செய்தோம். அதுதான் பெரிய தவறு. எங்களோடு இருக்கும் மாமியாருக்கு நீரிழிவு. பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுக்கிறார். நான்கு மாதம் கழித்துப் பாதம் மரத்துப் போகிறது என்றார். இரத்தத்தைச் சோதித்தால் வைட்டமின் பி12 மிகவும் குறைந்திருந்தது. மெட்ஃபார்மினை நீண்ட காலம் எடுத்தால் உடல் பி12 ஏற்பது குறையும். அதோடு, பி12 கிடைக்கும் பாலையும் நிறுத்தினால் உடலில் உள்ள இருப்பும் கரைந்துவிடும். மருத்துவர் அதைச் சொன்னபோது, மாறுவதற்கு முன்பே வந்திருக்க வேண்டும் என்று மனம் மிகவும் வருந்தியது.

பலதுறை மருந்தகத்துக்கோ (பாலிகிளினிக்) குடும்ப மருந்தகத்துக்கோ போகும்போது மூன்றைக் கையில் வைத்திருங்கள்: கடைசி இரத்தப் பரிசோதனை முடிவு (ஹெல்த்ஹப் செயலியில் பார்க்கலாம்), எடுக்கும் மாத்திரைகளின் பட்டியல், இனி என்ன சாப்பிடப் போகிறீர்கள் என்று நான்கு வரி. 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அரசின் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் ஒரு மருந்தகத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிந்துகொள்ளலாம். அதில் முதல் ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. உணவு மாற்றத்தைப் பற்றிப் பேச அதைவிட நல்ல சந்தர்ப்பம் இல்லை.

கேட்க வேண்டியவை:

- பி12, இரும்புச்சத்து அளவைப் பார்க்க முடியுமா? வழக்கமான சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனையில் பி12 வராது. தனியாகக் கேட்க வேண்டும், கட்டணத்தையும் முன்பே விசாரியுங்கள்.
- இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்தால் அளவை மாற்ற வேண்டுமா? உணவு மாறும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம்.
- வார்ஃபரின் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) எடுப்பவர் கீரையைத் திடீரென்று கூட்டலாமா? மருத்துவரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம். கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும்.

பி12 பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2.4 மைக்ரோகிராம் வேண்டும். மாத்திரையில் அதைவிடப் பல மடங்கு போட்டிருப்பார்கள். குடல் அதில் சிறு பங்கைத்தான் ஏற்கும் என்பதால் அப்படி, பயப்பட வேண்டாம். பழைய சோற்றில் இருக்கிறது, ஸ்பைருலினா பாசியில் இருக்கிறது, தெம்பேயில் (சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் கட்டி) இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். எதையும் நம்பி இருந்துவிடாதீர்கள். மாத்திரை, அல்லது பி12 சேர்த்த சோயா பால், இந்த இரண்டுதான் நம்பகமானவை.

2. முதல் வாரம் எதையும் வாங்காதீர்கள்

ஏற்கனவே சமைப்பவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். இட்லி, சாம்பார், ரசம், வத்தக்குழம்பு, புளிக்குழம்பு, சுண்டல், அடை, பெசரட்டு, இடியாப்பம், புட்டு, ஆப்பம், பொரியல், கூட்டு, துவையல், எலுமிச்சை சாதம். எங்கள் பட்டியலில் 41 வந்தது. அவற்றில் 33க்கு ஒரு சொட்டு நெய்யோ ஒரு கரண்டி தயிரோ மட்டும்தான் தடை. தாளிப்பை எண்ணெய்க்கு மாற்றினால் முடிந்தது. அந்த 33 உணவுகளையே ஒரு மாதம் சுற்றிச் சுற்றிச் சமைத்தோம். பிள்ளைகள் கேட்ட பிறகுதான் புதியவற்றைத் தொட்டேன்.

வீட்டில் மிச்சமிருக்கும் நெய்யை என்ன செய்வது? நான் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். முடியும் வரை பயன்படுத்திவிட்டுத் தொடங்குவதும் சரிதான்.

3. பொட்டலத்தின் பின்பக்கம்

சிங்கப்பூரில் விற்கும் பொட்டல உணவுகளில் பால், முட்டை, மீன், இறால் வகை, வேர்க்கடலை, சோயா, மரக்கொட்டைகள், கோதுமை போன்றவை இருந்தால் அச்சிட்டே ஆக வேண்டும் என்பது சிங்கப்பூர் உணவு அமைப்பின் விதி. பலர் அதைத் தடித்த எழுத்தில் கடைசி வரியாகப் போடுவார்கள். அவசரத்தில் இருந்தால் அந்த வரியை முதலில் பாருங்கள். ஆனால் அதோடு நிற்காதீர்கள். தேன், ஜெலட்டின், சிப்பிச் சாறு அந்த வரியில் வராமல் போகலாம்.

நான் ஏமாந்தவை இவை:

- கேசீன், வே, லாக்டோஸ்: மூன்றும் பாலிலிருந்து வருபவை. பால் இல்லாதது என்று முன்பக்கம் சொல்லும் காப்பி வெண்மையாக்கியில்கூட சோடியம் கேசினேட் இருக்கும்.
- மார்ஜரின்: செடி எண்ணெய் என்று நினைத்து வாங்குவோம், பின்னால் பால்பொடி இருக்கும்.
- இ120: பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம். இ904: அரக்கு, அதுவும் பூச்சியிலிருந்துதான். மிட்டாய்களில் பாருங்கள்.
- உறைய வைத்த பரோட்டா, சாண்ட்விச் ரொட்டி, பிஸ்கட், குலாப்ஜாமூன் கலவை: பால் அல்லது நெய் இருக்கலாம்.
- சீன சைவ இறைச்சி: கோதுமைப் புரதமும் சோயாவும்தான் அடிப்படை. ஆனால் ஒட்டிக்கொள்வதற்காக முட்டை வெள்ளைக்கருவோ பால் புரதமோ சேர்ப்பதுண்டு. உப்பும் அதிகம்.

பால் கலந்திருக்கலாம் என்ற எச்சரிக்கை வேறு. அதே இயந்திரத்தில் பால் உணவும் செய்கிறார்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. நான் அவற்றை வாங்குகிறேன். ஒவ்வாமை உள்ளவர் வீட்டில் இருந்தால் வாங்க வேண்டாம்.

4. எங்கே வாங்குவது, எவ்வளவு ஆகும்

தேக்கா சந்தைக்கு வாரம் ஒருமுறை, காலை எட்டு மணிக்குள் போய்விடுவேன். முருங்கைக்கீரை, வாழைப்பூ, வாழைக்காய், பலாக்காய், அரைத்த தேங்காய், கறிவேப்பிலை எல்லாம் ஒரே இடத்தில். திங்கட்கிழமை பல கடைகள் மூடியிருக்கும். பருப்பு, கேழ்வரகு, எள், மசாலாவுக்கு முஸ்தஃபா அல்லது பஃபலோ சாலைக் கடைகள்.

தௌ குவாவும் (கெட்டியான டோஃபு) தெம்பேயும் அக்கம்பக்கத்து ஈரச்சந்தையிலேயே கிடைக்கும். இரண்டுமே ஒரு பொட்டலம் ஒன்றிலிருந்து இரண்டு வெள்ளிக்குள்தான் (சிங்கப்பூர் டாலர்). பன்னீருக்குக் கொடுத்த காசை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவோ மலிவு. சோயா பால் லிட்டர் இரண்டு மூன்று வெள்ளி. ஓட்ஸ் பால் அதைப்போல இரண்டு மடங்கு ஆகும். வீகன் சீஸ் பத்து வெள்ளியைத் தாண்டும். இரண்டு முறை வாங்கியதோடு நிறுத்திக்கொண்டேன். பங்குபெறும் சந்தைக் கடைகளிலும் உணவங்காடிகளிலும் பேரங்காடிகளிலும் அரசு வீடுகளுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டைப் பயன்படுத்தலாம் என்பதை மறக்காதீர்கள்.

முதல் மாதம் எங்கள் மளிகைச் செலவு கூடியது. காரணம் பர்கர், சாசேஜ் போன்ற தயார் வீகன் உணவுகள். அவற்றை விட்டதும் மீன், கோழி வாங்கிய காலத்தைவிடக் குறைந்தது.

ஒரு பொறியைச் சொல்லியே ஆக வேண்டும். இங்கே விற்கும் சோயா பாலில் பெரும்பகுதி இனிப்புச் சேர்த்தது. நான் பார்க்காமல் வாங்கி மோர்க்குழம்பில் ஊற்றி முழுக் குழம்பையும் கொட்டினேன். பொட்டலத்தில் நியூட்ரி-கிரேடு எழுத்து (பானத்தின் சர்க்கரை, நிறைகொழுப்பைப் பார்த்துத் தரும் தரம்) இருக்கிறதா பாருங்கள். ஏ என்றால் நூறு மில்லிக்கு ஒரு கிராம் சர்க்கரைக்கு மேல் இல்லை. சமையலுக்கு ஏ வாங்குங்கள்.

5. தயிர்

நம் ஆட்களுக்கு இறைச்சியை விடுவதைவிடத் தயிரை விடுவதுதான் கஷ்டம். மாமியார் முதல் மாதம் முழுக்க, தயிர்சாதம் இல்லாமல் சாப்பிட்ட மாதிரியே இல்லை என்றார். அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

இனிப்பில்லாத சோயா பால் ஒரு லிட்டர். பொருட்களில் சோயாவும் தண்ணீரும் மட்டும் இருந்தால் நன்றாக உறையும். விரல் பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டு வாருங்கள். முதல் முறை உறைமோருக்குப் பதில், கழுவித் துடைத்த பச்சை மிளகாய்க் காம்பு பத்துப் பன்னிரண்டை அரை கப் பாலில் அமுக்கி மூடி வையுங்கள். சிங்கப்பூர் வெப்பத்தில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் அது இறுகும். மிளகாய் வாசம் வரும், சாப்பிட நன்றாக இருக்காது. காம்பை எடுத்துவிட்டு, அந்த அரை கப்பை மீதிப் பாலுக்கு உறையாக ஊற்றுங்கள். இரண்டாவது தயிர் ஆறேழு மணி நேரத்தில் கட்டியாகும். மூன்றாவது தடவையிலிருந்துதான் புளிப்பு சரியாக வந்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு கரண்டி எடுத்து வைத்துக்கொண்டால் போதும். நிறம் மாறினாலோ கெட்ட வாடை அடித்தாலோ சுவைத்துப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

சோயா வாசம் பிடிக்காதவர்கள் வேர்க்கடலையை இரவு ஊறவைத்து, தோல் நீக்கி, அரைத்து வடிகட்டி, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறிய பாலில் இதையே செய்யலாம். அந்தத் தயிரில் இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துத் தயிர்சாதம் பிசைந்து கொடுத்த அன்று மாமியார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதன் பிறகு இந்த வீட்டில் வீகன் பற்றிய வாக்குவாதம் வரவில்லை.

மோர்க்குழம்பில் அடுப்பை அணைத்த பிறகே இந்தத் தயிரைச் சேர்க்க வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும்.

6. வெளியே சாப்பிடும்போது

வெஜிடேரியன் என்று சொன்னால் போதாது. இந்திய சைவக் கடையில் பால், நெய் வரும். சீன சைவக் கடையில் முட்டை வரலாம். மற்ற கடைகளில் பிளாச்சான் என்ற இறால் பசையும் நெத்திலியும் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். அதனால் என்ன வேண்டாம் என்பதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இந்திய சைவ உணவகத்தில், "நெய் வேண்டாம், எண்ணெய் ஊற்றி ஒரு தோசை கொடுங்கண்ணே, சட்னியில தயிர் இருக்கா?" என்றால் போதும். இட்லி, வடை, பூரி பெரும்பாலும் சரியாக இருக்கும். பொங்கலும் கேசரியும் நெய். நான் ரொட்டியின் மாவில் தயிர் அல்லது பால் இருக்கும். பரோட்டா மாவில் நெய்யோ மார்ஜரினோ கெட்டிப்பாலோ சேர்ப்பது வழக்கம் என்பதால் அதை விட்டுவிட்டேன்.

சீன சைவக் கடையில், "பூ யாவ் தான், பூ யாவ் நியூ நாய்" என்று சொல்லுங்கள். முட்டை வேண்டாம், பால் வேண்டாம் என்று பொருள். கடை ஆன்ட்டிகள் இதைக் கேட்டதும் எது சாப்பிடலாம் என்று அவர்களே கைகாட்டுவார்கள். சந்திர நாட்காட்டியின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் அங்கே நீண்ட வரிசை நிற்கும். மதியம் ஒரு மணிக்குப் போனால் தீர்ந்திருக்கும். மிடில் சாலையில் உள்ள ஃபார்ச்சூன் சென்டரில் சைவக் கடைகள் பல ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. புதிதாக மாறியவர்களை நான் அங்கேதான் முதலில் அழைத்துப் போவேன்.

மலாய்க் கடையில் கவனம் அதிகம் தேவை. சம்பாலில் பிளாச்சான் இருக்கும். சாயூர் லோடே என்ற தேங்காய்ப்பால் காய்க்குழம்பில் காய்ந்த இறால் போடுவார்கள். ரோஜாக் சாந்தில் இறால் பசை. யோங் தௌ ஃபூ கடையில் தௌபோக்கும் (பொரித்த டோஃபு) காயும் எடுத்தாலும் சாறு பெரும்பாலும் நெத்திலியில் கொதித்தது. தெம்பே கோரெங், இடியாப்பத்தோடு தேங்காய்ப்பூவும் சர்க்கரையும், புட்டு பிரிங் (பனைவெல்லம் வைத்து ஆவியில் வேகவைத்த அரிசிமாவுப் பலகாரம்) ஆகியவை எனக்குக் கைகொடுப்பவை.

காப்பிக் கடையில் கோப்பி ஓ, தே ஓ இரண்டிலும் பால் இல்லை. சர்க்கரையும் வேண்டாமென்றால் கோசோங் சேர்த்துச் சொல்லுங்கள். தே சி-யில் ஆவிப்பால் இருக்கும், சி என்ற எழுத்தை மறக்காதீர்கள். பாரம்பரிய முறையில் கோப்பிக் கொட்டையைச் சர்க்கரையோடும் மார்ஜரின் அல்லது வெண்ணெயோடும் வறுப்பார்கள். அதுவும் வேண்டாம் என்பவர்கள் தே ஓவுக்கு மாறலாம். காயா ரொட்டியில் முட்டை, வெண்ணெய் இரண்டுமே உண்டு.

7. உடம்புக்கு

வீகன் என்பதாலேயே எல்லாம் நல்லதாகிவிடாது. நாங்கள் முதல் மூன்று மாதம் பாலுக்குப் பதில் எல்லாவற்றிலும் தேங்காய்ப்பால் ஊற்றினோம். கணவரின் கெட்ட கொழுப்பு கிட்டத்தட்ட அசையவே இல்லை. தேங்காயின் நிறைகொழுப்பு அப்படி. வாரம் ஒருநாள் என்று குறைத்து, குழம்பைக் கெட்டியாக்கப் பொட்டுக்கடலை, அரைத்த பருப்பு, எள் என்று மாற்றிய பிறகுதான் அடுத்த பரிசோதனையில் இறங்கியது.

சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் தட்டுக் கணக்கு எளிது: பாதித் தட்டு காயும் பழமும், கால் தட்டு முழுதானியம், கால் தட்டு புரதம். நம் தட்டில் சோறு பாதியைப் பிடித்துக்கொள்ளும். அங்கேதான் கைவைக்க வேண்டும். சுண்டலோ தௌ குவாவோ தெம்பேயோ இல்லாமல் எந்த வேளையும் போகக்கூடாது என்று வீட்டில் ஒரு விதி. கால்சியத்துக்குக் கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் அளவு கால்சியம் இருக்கிறது. கீரை சாப்பிட்டால் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், இரும்புச்சத்து சேரும். சாப்பிட்ட உடனே தேநீர் குடித்தால் அது குறைவாகத்தான் சேரும். ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். உப்புப் பொட்டலத்தில் அயோடின் சேர்த்தது என்று இருக்கிறதா பாருங்கள்.

8. விருந்துக்கு அழைப்பது

இதில் என் முதல் முயற்சி கசப்பாக முடிந்தது. தீபாவளிக்கு வந்த சீனத் தோழி ஒருவர் தட்டை எடுத்துக்கொண்டு, எதிலாவது பூண்டு இல்லாமல் இருக்கிறதா என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை. சைவம் சாப்பிடும் சீனப் பௌத்தர்களில் பலர் வெங்காயம், பூண்டு தொடுவதில்லை என்பது எனக்குத் தெரியாது. அவர் வெறும் சோறும் அப்பளமும் சாப்பிட்டுப் போனார். அன்றிலிருந்து அழைக்கும்போதே கேட்டுவிடுகிறேன்.

ஒரு வாரம் முன்பு வாட்ஸ்அப்பில் நான்கு கேள்வி அனுப்புங்கள்: வெங்காயம் பூண்டு சாப்பிடுவீர்களா, கொட்டை வகை ஒவ்வாமை உண்டா, கோதுமை, சோயா ஆகுமா, ஹலால் குறித்து நான் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா? சமணர் என்றால் கிழங்கு வகையும் கூடாது. முஸ்லிம் நண்பர்களிடம் நேராகவே கேட்டுவிடுங்கள். சிலருக்கு வீட்டில் இறைச்சியே சமைப்பதில்லை என்பது போதும். சிலருக்கு ஹலால் சான்றிதழ் பெற்ற கடையிலிருந்து வாங்கித் தனித்தட்டில் வைப்பதுதான் மனத்துக்கு ஒப்பும். சமையல் ஒயின், மதுவில் ஊறிய வெனிலாச் சாறு இரண்டையும் அன்று தொடாதீர்கள்.

போன தீபாவளிக்கு 14 பேருக்கு நான் வைத்தவை: பலாக்காய் பிரியாணி, வெங்காயம் பூண்டு இல்லாத எலுமிச்சை சாதம், தெம்பே மிளகு வறுவல், கத்திரிக்காய்ப் புளிக்கறி, பாசிப்பருப்புக் கூட்டு, சோயாத் தயிரில் வெள்ளரிப் பச்சடி, உளுந்து வடை, குலா மலாக்கா (பனைவெல்லம்) போட்ட ஜவ்வரிசிப் பாயசம். வாழையிலை உட்பட ஏறத்தாழ 90 வெள்ளி. இறைச்சியைப் போலத் தோன்றும் எதையும் வைக்கவில்லை. கோழி மாதிரியே ஒன்றை வைத்தால் எல்லோரும் அதைக் கோழியோடு ஒப்பிட்டுத்தான் பேசுவார்கள். பலாக்காய் பிரியாணியைப் பலாக்காயாகவே ரசித்தார்கள்.

நேரக் கணக்கு இதுதான்:

- மூன்று நாள் முன்: முறுக்கு. மாவில் வெண்ணெய்க்குப் பதில் சூடான எண்ணெய் இரண்டு கரண்டி. மொறுமொறுப்பு குறைவதில்லை. தயிருக்கு உறை தயார் செய்யுங்கள்.
- முதல் நாள்: சந்தை. தெம்பேயை வெட்டிப் பத்து நிமிடம் ஆவியில் வைத்து, மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பில் ஊறவிடுங்கள். ஆவியில் வைக்காவிட்டால் கசப்பு நிற்கும். இரவு தயிர் உறை ஊற்றுங்கள், உறைந்ததும் குளிர்பெட்டிக்குள்.
- அன்று காலை: புளிக்கறி, கூட்டு, பிரியாணி மசாலா. தயிருக்குப் பதில் தக்காளியும் எலுமிச்சைச் சாறும் நீர்த்த தேங்காய்ப்பாலும் போதும்.
- வருவதற்கு ஒரு மணி நேரம் முன்: பிரியாணியைத் தம்மில் போடுங்கள், வறுவலை முடியுங்கள்.
- வந்த பிறகு: வடை. பாயசத்தில் கெட்டித் தேங்காய்ப்பாலை அடுப்பை அணைத்துவிட்டு ஊற்றுங்கள், இல்லையென்றால் திரியும். பாண்டான் இலை ஒன்றை முடிச்சுப் போட்டுச் சேர்த்தால் நெய் இல்லாத குறையே தெரியாது.

ஒவ்வொரு பாத்திரத்துக்கு முன்னும் ஒரு சிறு அட்டையில் பெயரையும், முந்திரி, சோயா, கோதுமை, வெங்காயம், பூண்டு எது இருக்கிறது என்பதையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வையுங்கள். யாரும் கூச்சப்பட்டுக்கொண்டு கேட்க வேண்டியிருக்காது. அந்தச் சீனத் தோழி போன முறை அட்டைகளைப் படித்துக்கொண்டே வந்து எலுமிச்சை சாதத்தை இரண்டு தடவை போட்டுக்கொண்டார்.

9. கோயில், கல்யாணம், விமானம்

கோயில் அன்னதானம் சைவம்தான். ஆனால் மோர், பாயசம், நெய் சேர்ந்திருக்கும். பரிமாறுபவரிடம், "அண்ணே, சோறும் சாம்பாரும் போதும்" என்றால் புரிந்துகொள்வார். பஞ்சாமிர்தத்தில் தேனும் நெய்யும் உண்டு. நான் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடுவேன். இதில் உங்கள் மனம் சொல்வதைச் செய்யுங்கள்.

கல்யாண அழைப்புக்குப் பதில் சொல்லும்போதே பால், நெய், முட்டை இல்லாத உணவு என்று எழுதி அனுப்புங்கள். ஹோட்டல் விருந்தில் அன்று மாலை சொன்னால் பழத்தட்டுதான் வரும்.

விமானத்தில் இந்திய சைவ உணவைக் குறிக்கும் ஏவிஎம்எல் (AVML) என்ற குறியீட்டு உணவில் பால், தயிர் வரும். வீகன் உணவுக்கான குறியீடு விஜிஎம்எல் (VGML). பொதுவாகப் புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பே பதிய வேண்டும். பயணச்சீட்டை மாற்றினால் இந்தப் பதிவு அழிந்துபோவதுண்டு என்பதால் புறப்படும் முன் ஒருமுறை சரிபாருங்கள். எதற்கும் கைப்பையில் ஒரு பொட்டலம் வறுத்த கடலை வைத்துக்கொள்ளுங்கள்.